வேட்டைத் துவக்குக்கு நாமே மரப்பிடங்கு செய்யலாமா?

கேள்வி: சொந்த வேட்டைத் துவக்குக்குக் கையாலேயே மரப்பிடங்கு (குழலையும் மற்ற இரும்புப் பாகங்களையும் தாங்கி, தோளில் அணைக்கும் மரப்பகுதி) செய்து பொருத்தியவர்கள் யாராவது உண்டா? மிகவும் சிரமமா?

ஒன்றரைப் பிடங்கு செய்திருக்கிறேன். அந்த அரை, பாதியில் நின்றதல்ல. முழுதாய்ச் செய்து வீணாய்ப் போனது.

நான் இருப்பது நோர்வேயில். என்னிடம் இருப்பது பழைய மவுசர் 98. 1945இல் சரணடைந்த ஜெர்மன் படை இங்கே ஏராளமாக விட்டுப்போனது இந்தத் துவக்கைத்தான். நோர்வே இராணுவம் அவற்றில் பலவற்றை .30-06 தோட்டாவுக்கு மாற்றிப் பாவித்தது. பின்னாளில் அப்படியானவை வேட்டைக்காரர் கைக்கு வந்தன. என்னுடையதில் இரும்பு நன்றாகவே இருந்தது. மரம்தான் கைபிடிக்கும் கழுத்தில் வெடித்திருந்தது.

வெளியே செதுக்கி அழகாக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அது அரமும் பொறுமையும் இருந்தால் வந்துவிடும். வேலை முழுக்க உள்ளே குடைவதில் இருக்கிறது. இரும்பின் அடிப்பக்கம் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் தொட்ட இடம் கறுக்கும். கறுத்ததை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி வைத்து, மறுபடி சுரண்டி... எனக்கு இரண்டு மாத மாலைப்பொழுதுகள் போயின. முன்பக்கம் அடியில் ஒரு சின்ன இரும்புப் புடைப்பு இருக்கும். சுடும்போது வரும் உதையை மரம் வாங்க வேண்டியது அங்கேதான். அது சரியாகப் படியாமல் இரும்பின் வால்பகுதி மரத்தில் முட்டினால், ஆப்பு வைத்துப் பிளந்த மாதிரிக் கழுத்து பிளக்கும். பழைய பிடங்கு வெடித்ததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வாலுக்குப் பின்னால் கடதாசி நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். கழுத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடாமல் நீளவாக்கில் ஓடும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் பிடங்கு வீணானதற்குக் காரணம் என் அவசரம். வால்நட் பலகை காயவில்லை. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு. நான் கடைக்காரர் சொன்னதை நம்பினேன். இங்கே பெரிய மிருகங்களை வேட்டையாட ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வு உண்டு: 30 பயிற்சிச் சூடு, பிறகு 100 மீற்றரில் கலைமான் உருவத்துக்கு ஐந்து. யூனில் ஒரே இடத்தில் குத்திய துவக்கு, ஓகஸ்ட்டில் ஒரு சாண் தள்ளிக் குத்தியது. மரம் முறுகிக் குழலில் சாய்ந்திருந்தது. ஐந்தில் இரண்டு வெளியே. தேர்வும் போனது, மானமும் போனது.

இரண்டாவதில் குழலுக்கும் மரத்துக்கும் இடையே தாள் தடையின்றி ஓடும்படி விட்டேன். இரும்பு அமரும் இடத்தில் எபொக்சிப் பசை பூசினேன். ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு, மெல்லிசாகப் பன்னிரண்டு தடவை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவிடுங்கள்.

பிடங்கின் முன்நுனிக்கு மட்டும் அப்பாவின் உடைந்த பனை ஊன்றுகோலில் ஒரு துண்டு வைத்தேன். பனைக்கு வளையம் கிடையாது, கறுப்பு நார்தான். அரம் பட்டால் சிலும்பும், விரலில் ஏறும். வேட்டைக் குழுவில் எல்லோரும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இரண்டு அங்குலத்தைத்தான்.