பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்த பிறகும் சீட்டுக்குத் தனிக் கட்டணமா?

கேள்வி: திருமணமாகி முப்பது வருடம் ஆனதையொட்டி, நானும் என் மனைவியும் பல வருடம் சேர்த்த பணத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்திருக்கிறோம். முதல் விமானம் பகலில் ஐந்து மணி நேரம். அங்கே மாறி, இரவில் பதினொரு மணி நேரம். இப்போது சீட் தேர்வு செய்யப் போனால், ஒவ்வொரு விமானத்துக்கும் ஆளுக்கு ஒரு தொகை கேட்கிறார்கள். இது சரிதானா? கட்டாவிட்டால் எங்களைப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களா?

பதில்: கவலைப்படாதீர்கள். உங்கள் டிக்கெட்டில் தவறு எதுவும் இல்லை. பணம் கட்டாவிட்டாலும் பிசினஸ் கிளாஸில் உங்கள் இருவருக்கும் இடம் உண்டு. எந்த இடம் என்பது மட்டும்தான் முடிவாகாமல் இருக்கும். இரண்டு விமானங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. இரவு விமானத்துக்கு மட்டும் கட்டலாமா என்று பாருங்கள். அதையும் சீட் வரைபடத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்தக் கட்டணம் நேற்று முளைத்ததல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-லேயே தொடங்கிவிட்டது. எமிரேட்ஸ் 2019-லும் கத்தார் ஏர்வேஸ் 2020-லும் பிசினஸ் கிளாஸுக்குள்ளேயே ஒரு மலிவு டிக்கெட்டைக் கொண்டுவந்தன. படுக்கையும் சாப்பாடும் அதேதான். விமான நிலையத்தில் காத்திருக்கும் லவுஞ்சும் முன்கூட்டியே சீட் எடுக்கும் உரிமையும் அதில் கிடையாது. லுஃப்தான்ஸா 2024-இல் ‘அலெக்ரிஸ்’ என்ற புதிய கேபினைப் பறக்கவிட்டபோது, நல்ல இருக்கைகளுக்கெல்லாம் தனித்தனி விலை வைத்தது. டிக்கெட்டை விலை ஒப்பிட்டு வாங்கும் தளங்களில் குறைந்த தொகைதான் மேலே வரும் என்பதால், டிக்கெட்டுக்குள் இருந்தவற்றைக் கழற்றித் தனியாக விற்கிறார்கள். கூடுதல் கால் இடத்துக்குக் காசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே முன்பதிவில் வந்த கணவன் மனைவியிடம் பக்கத்தில் உட்காரக் காசு கேட்பது நியாயமே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, எப்போது கட்டுவது? அந்தக் கேபின் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பதிவில் உள்ள விமான வகையைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கட்டணம் கட்டாமலேயே வரைபடத்தைப் பார்க்கலாம்.

வரிசை 2-2-2, அதாவது இரண்டு ஜன்னல் பக்கமும் இரண்டிரண்டு, நடுவில் இரண்டு என்று இருந்தால் எல்லா இருக்கையும் ஜோடிதான். ஆனால் ஜன்னலோரம் படுப்பவர் எழுந்து போக, பக்கத்தில் தூங்குபவரைத் தாண்ட வேண்டும். நடு ஜோடியில் இருவருக்கும் நடைவழி கிடைக்கும். 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைவழி உண்டு. ஆனால் ஜன்னலோரம் தனி ஆளுக்கானது, சேர்ந்து உட்கார நடுவில் உள்ள இரண்டுதான் வழி. அந்த நடு இரண்டும் எல்லா வரிசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இருக்கைகளை முன்னும் பின்னும் தள்ளி அடுக்கிய கேபின்களில், ஒரு வரிசையில் இரண்டும் ஒட்டியிருக்கும். அடுத்த வரிசையில் இரண்டும் நடைவழிப் பக்கம் விலகி, இடையில் இரண்டு மேஜைகள் வந்துவிடும். எமிரேட்ஸின் ஏ380 விமானம் இதற்கு நல்ல உதாரணம். வரிசை எண்ணைக் கவனிக்காமல் ‘நடு சீட்’ என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, பதினொரு மணி நேரம் எட்டிப் பேசிக்கொண்டு போன தம்பதிகள் உண்டு. கத்தாரின் ‘கியூசூட்’ என்ற பிசினஸ் கிளாஸ் கேபினில் சில நடு இருக்கைகளைச் சேர்த்து இரட்டைப் படுக்கையாகவே ஆக்கலாம். அதில் பாதி இருக்கைகள் பின்னோக்கி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒட்டிய ஜோடிகள் இரண்டு மூன்றுதான் மிச்சம் என்றால், இரவு விமானத்துக்குக் கட்டிவிடுங்கள். நிறைய காலியாக இருந்தாலோ, எல்லா ஜோடியும் ஒன்றுபோல இருந்தாலோ காத்திருக்கலாம். செக்-இன் திறந்ததும் மிச்சமிருக்கும் இருக்கைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பும், எமிரேட்ஸிலும் கத்தாரிலும் 48 மணி நேரம் முன்பும் திறக்கும். அந்த நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலே நல்ல ஜோடிகள் போய்விடும். கால் பகுதி சற்று அகலமாக இருப்பதால் முதல் வரிசைக்குக் கிராக்கி அதிகம். ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். சமையல் பகுதியின் வெளிச்சமும் சத்தமும் வேறு. நன்றாகத் தூங்க வேண்டும் என்றால் நடு வரிசைகளே நல்லது.

உங்களில் யாருக்காவது அந்த நிறுவனத்திலோ அதன் கூட்டணி நிறுவனத்திலோ அடிக்கடி பறப்பவர்களுக்கான மைலேஜ் உறுப்பினர் தகுதி இருந்தால், உறுப்பினர் எண்ணை முன்பதிவில் சேர்த்துவிட்டுப் பிறகு விலையைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் சில்வர் தகுதி உள்ளவருக்கு முன்பதிவின்போதே இலவசம், அதற்குக் கீழான வெண்கல (Bronze) தகுதிக்குப் புறப்படுவதற்கு ஏழு நாள் முன்பிருந்து.

டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், பறப்பது இன்னொன்று என்றால், பறக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விற்றவரின் எண்ணும் அதுவும் வேறாக இருக்கலாம். சீட் எடுக்கப் பறக்கும் நிறுவனத்தின் தளமே நம்பகமானது.

பணம் கட்டினால் ஈஎம்டி என்ற மின்னணு ரசீது வரும், 13 இலக்க எண்ணோடு. அதைப் பத்திரப்படுத்துங்கள். விமான வகை கடைசி நேரத்தில் மாறுவது சாதாரணம். மாறினால் நீங்கள் எடுத்த இருக்கையும் கலையும். அதனால் வாரம் ஒருமுறை முன்பதிவைத் திறந்து சீட் எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கலைந்திருந்தால் உடனே அழைத்து, ஒட்டிய ஜோடியாகவே வேறு கேளுங்கள். அதற்குச் சமமானது தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் விமானங்களில், காசு வாங்கிய சேவையைத் தராவிட்டால் அதைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024-இல் விதி செய்திருக்கிறது. பயணத்தை நீங்களாக ரத்து செய்தால் மட்டும் சீட் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. தேதி மாறக்கூடும் என்ற நிலையில் இருந்தால், தேதி உறுதியாகும்வரை கட்டாதீர்கள்.

பகல் விமானத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். செக்-இன்னில் ஜோடி கிடைக்காவிட்டால் விமானத்தில் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். தனியாக வந்திருப்பவரிடம் அவரே கேட்டுப் பார்ப்பார். உங்கள் இரண்டு இருக்கைகளில் ஒன்று ஜன்னலோரமாக இருந்தால், அதைக் கொடுத்து இடம் மாறிக்கொள்ளப் பலரும் சம்மதிப்பார்கள்.