கீத் வாகனின் சிறிய குவாஷ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ஓவியர் கீத் வாகனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். இங்கே அடுத்த மாதம் ஓர் ஏலத்தில் அவருடைய குவாஷ் (தண்ணீரில் கலந்து தாளில் தீட்டும் அடர்வண்ண ஓவியம்) ஒன்று வருகிறது. நிற்கும் இரண்டு ஆண் உருவங்கள். கையெழுத்தும் 1946 என்ற ஆண்டும் இருக்கின்றன. 14க்கு 11 செ.மீ.தான் அளவு. மதிப்பீடு 3,000 முதல் 5,000 பவுண்டு. உள்ளங்கையில் அடங்கும் படத்துக்கு இந்த விலை தகுமா? ஏதோ ஒரு பெரிய ஓவியத்துக்காகப் போட்டுப் பார்த்த முன்வரைவாக இருக்குமோ? படத்தின் நிலையைப் பற்றிய அறிக்கையில் ‘தாளில் லேசான பழுப்பு, மவுண்ட் தடம், சில இடங்களில் சிறு வண்ண இழப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். இதற்குப் பயப்பட வேண்டுமா? ஏலத்தில் நான் இதுவரை எதையும் வாங்கியதில்லை.

அன்புடன்,
எஸ்., ஹாரோ

அன்புள்ள எஸ்.,

வாகனைப் பொறுத்தவரை சிறிய குவாஷை முன்வரைவு என்று ஒதுக்கிவிட முடியாது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் அவர். 1941இல் ராணுவத்தின் ஆயுதமில்லாத உழைப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டார். பின்னர் யார்க்‌ஷயரில் மால்டன் என்ற ஊரில் ஜெர்மன் போர்க்கைதிகள் முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். படைவீரர் குடிலில் தைலவண்ணத்துக்கும் கித்தானுக்கும் இடம் ஏது? குவாஷ் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தாளைப் பைக்குள் செருகிக்கொள்ளலாம். குவாஷ், இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை, மெழுகுக் கிரேயான் மூன்றையும் கலந்து அவர் கைக்கொண்ட முறை அங்கேதான் உருவானது. போர் முடிந்து தைலவண்ணத்துக்குத் திரும்பிய பிறகும் அதை அவர் விடவில்லை. அந்தச் சிறிய தாள்களில் அவர் முழு ஓவியராகவே இருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். 1946 என்றால் பிரிட்டிஷ் ஓவியர் கிரஹாம் சதர்லாண்டின் பாதிப்பு இன்னும் தெரியும் காலம். கறுப்புக் கோடுகள், இருண்ட பின்னணி. 1952இல் லண்டனில் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா த ஸ்தாலின் கண்காட்சியைப் பார்த்த பிறகுதான் உருவங்கள் வண்ணக் கட்டிகளாக இறுகின. உங்களுக்கு எந்தக் காலத்து வாகன் பிடிக்கும் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். உங்கள் பணம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

சட்டகத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைதான் மவுண்ட். மவுண்ட் தடம் என்பது அமிலம் உள்ள அந்த அட்டையின் வெட்டு விளிம்பு தாளில் பதித்த பழுப்புக் கோடு. அது வெற்று ஓரத்தில் இருந்தால் கவலை வேண்டாம். அட்டை படத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தால், சட்டகத்திலிருந்து கழற்றி எடுத்த புகைப்படம் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். அட்டைக்கு அடியில் ஒளிபடாமல் இருந்த பட்டையின் நிறத்தையும் நடுப்பகுதியின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். அடியில் இளஞ்சிவப்போ ஊதாவோ பளிச்சென்று இருந்து வெளியே சாம்பலாகத் தெரிந்தால் படம் வெளிறிவிட்டது என்று பொருள். போன நிறத்தை யாராலும் மீட்க முடியாது. தாளின் லேசான பழுப்பை அந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. போர்க்காலத்துத் தாள் பெரும்பாலும் மட்டமானது.

வண்ண இழப்பைத்தான் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். குவாஷில் நிறமியைப் பிடித்துவைப்பது கோந்து. தடிமனாகப் பூசிய இடத்தில் கோந்து இறுகி, தாள் வளையும்போது வெடித்து உதிரும். ஆனால் வாகன் முதலில் மெழுகுக் கிரேயானால் கோடு இழுத்து அதன்மேல் நீர்த்த வண்ணத்தை ஓட்டுவார். சேம்பு இலைமேல் தண்ணீர் போல வண்ணம் ஒட்டாமல் விலகி நிற்கும். அதையும் ‘இழப்பு’ என்று எழுதிவிடும் அறிக்கைகள் உண்டு. விலகிய வண்ணத்தின் விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும், நடுவே கிரேயான் நிறம் தெரியும். உதிர்ந்த இடத்தின் விளிம்பு கூர்மையாக உடைந்திருக்கும், அடியில் வெறும் தாளோ கீழ்ப்பூச்சோ தெரியும். முன்னது ஓவியரே செய்தது. பின்னது இன்னும் உதிரக்கூடியது. மெழுகுக் கோடுகளின் மேல் மட்டும் வெண்மூட்டம் இருந்தால் அது மெழுகின் பூப்பு. கோட்டைத் தாண்டிப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை என்று சந்தேகியுங்கள்.

‘சுத்தம் செய்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த குவாஷ் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும், கழுவ வழியில்லை. கிரேயானில் சூடு பட்டால் மெழுகு உருகும். இஸ்திரி வைத்துச் சுருக்கம் எடுக்கவும் முடியாது. இந்தப் படத்தை அதன் இப்போதைய நிலைக்காகத்தான் வாங்க வேண்டும்.

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நேரில் போங்கள். சிறிய புற ஊதா டார்ச் ஒன்றை அனுமதி கேட்டு எடுத்துச்செல்லுங்கள். தாளில் ஒளிர்வூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் 1950ஐ ஒட்டித்தான் வந்தது. 1946 என்று எழுதிய தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். லெஃபெவர், ஹனோவர், லெஸ்டர் காலரிகளின் பழைய சீட்டு இருந்தால் நல்லது. வாகன் இவற்றில் காட்சிக்கு வைத்தவர். ஆனால் சீட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஜான் ட்ரூ என்பவர், ஜான் மயாட் வரைந்த போலி ‘பென் நிக்கல்சன்’ ஓவியங்களுக்காக லண்டன் ஆவணக் காப்பகங்களுக்குள்ளேயே பொய் ஆவணங்களைச் செருகிவைத்தார். 1999இல் இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. தாளும் வண்ணமும் ஆவணமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பணக்கணக்கு. 4,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது, அதாவது ஏலம் முடிந்தது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; 26 சதவீதம் என்று கொண்டால் 1,040. அதன்மேல் 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) 208. வாகன் இறந்தது 1977இல். 70 ஆண்டு கடக்கவில்லை என்பதால், படம் மறுபடி விற்கும்போது ஓவியரின் வாரிசுகளுக்குப் போகும் மறுவிற்பனை உரிமைத்தொகையும் உண்டு. சுத்தியல் விலை 1,000 பவுண்டைத் தொட்டாலே இது வரும். 50,000 வரை 4 சதவீதம். ஆக 160. மொத்தம் 5,408. ஆன்லைன் தளம் வழியாகக் கேட்டால் பல இடங்களில் இன்னும் 5 சதவீதம்போல் கட்டணமும் அதற்கு வாட்டும் சேரும், இங்கே 240. இந்த ஒன்றுக்காகவே தொலைபேசியிலோ நேரிலோ கேளுங்கள். கையில் 5,000 பவுண்டுதான் என்றால் 3,600ஐத் தாண்டாதீர்கள். விற்பவரின் குறைந்தபட்ச விலை வழக்கமாகக் கீழ் மதிப்பீட்டுக்கு மேல் இருக்காது. போட்டியில்லாத நாளில் 3,000க்கே முடியலாம்.

பழுப்பும் தடமும் மட்டும்தான் என்றால் நான் தயங்க மாட்டேன். உருவங்களின் முகத்திலோ தோளிலோ கூர்விளிம்பு உதிர்வு இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கிடைத்துவிட்டால் கூரியரில் வரவழைக்காமல் நீங்களே போய், முகம் மேலே பார்க்கக் கிடத்தி எடுத்துவாருங்கள். பழைய அட்டையைக் கழற்றிப் பருத்தி நார் மவுண்ட் போடச் சொல்லுங்கள். கண்ணாடி வண்ணத்தைத் தொடக் கூடாது. மாட்டும் இடத்தில் வெயில் விழக் கூடாது. ஒளி 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) போதும், மங்கலாகவே இருக்கட்டும். ஃபிரேம் கடைக்காரர் எடை குறைவு, உடையாது என்று அக்ரிலிக் தகட்டைப் பரிந்துரைப்பார். அதைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தளர்ந்த வண்ணத்துகள்களை இழுத்துப் பெயர்த்துவிடும். புற ஊதா தடுக்கும் கண்ணாடியே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.