வரைந்ததற்குக் கூலி: ஆர்க்கிடெக்ட்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சம்பளம் பற்றித்தான். அவற்றிலிருந்து சில.

ஐந்து வருடம் பி.ஆர்க் (கட்டிடக்கலைப் பட்டம்) படித்தேன். சின்ன ஆபீஸில் 18,000 ரூபாய் தருகிறார்கள். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த நண்பன் ஐ.டி.யில் இதைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறான். ஏன் இப்படி? (திருச்சி)

உங்கள் ஆபீஸின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,000 சதுர அடி வீடு, கட்டுமானச் செலவு சுமார் 50 லட்சம். நம் ஊர்ச் சின்ன ஆபீஸ்கள் அதற்கு ஒரு லட்சம் வாங்கினாலே பெரிது. அதாவது 2 சதவீதம். பிளான் அப்ரூவலில் தொடங்கி கிரகப்பிரவேசம் வரை ஒன்றரை வருடம் ஓட வேண்டும். வருடத்துக்குப் பத்து வீடு வந்தால் பத்து லட்சம். மூன்று பேர் சம்பளம் ஆறரை லட்சம், வாடகை இரண்டரை லட்சம். மிச்சத்தில்தான் சாஃப்ட்வேர், சைட்டுக்குப் போகும் பெட்ரோல், முதலாளியின் வீட்டுச் செலவு எல்லாம். அவர் மனம் வைத்தாலும் உங்களுக்கு 30,000 தர முடியாது. இரண்டு வருடம் இருந்து ஒர்க்கிங் டிராயிங்கும் (கட்டுவதற்கான விவரமான வரைபடம்) சைட்டும் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் மருத்துவமனை, தொழிற்சாலை, பெரிய அடுக்குமாடி செய்கிற ஆபீஸுக்கு மாறுங்கள்.

சம்பளம் போதவில்லை. எந்தத் துறைக்கு மாறலாம்? உடனே பதில் தேவை.

எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், என்ன சாஃப்ட்வேர் தெரியும், சைட்டில் நின்றிருக்கிறீர்களா, எதுவுமே எழுதவில்லை. போன மாதமும் இதேபோல் நான்கு கடிதங்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ரெவிட் (கட்டிட மாடல் போடும் சாஃப்ட்வேர்) படித்தால் சம்பளம் கூடுமா? (கோவை)

கூடும். வெளிநாட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் பி.ஐ.எம். (கட்டிடத்தை கம்ப்யூட்டரில் முழு மாடலாகச் செய்யும் முறை) நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ளன. ஆனால் சன்ஷேடும் லிண்டலும் எங்கே சேர்கின்றன என்று தெரியாமல் மாடல் மட்டும் போடத் தெரிந்தால், டிராஃப்ட்ஸ்மேன் சம்பளத்தில்தான் நிற்பீர்கள். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று பணம் கேட்கும் பயிற்சி மையம் அந்த உத்தரவாதத்தை எழுத்தில் தருமா என்று முதலில் கேளுங்கள்.

தனியாக ஆபீஸ் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கல்யாண மண்டபம் கட்டப்போகும் ஒருவர் மூன்று ஆர்க்கிடெக்ட்களிடம் பிளான் கேட்டிருக்கிறார். இலவசமாக பிளானும் 3டி எலிவேஷனும் கொடுத்தால் வேலை எனக்குத்தான் என்கிறார். கொடுக்கலாமா? (மதுரை)

கொடுக்காதீர்கள். மற்ற இருவரிடமும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.

எனக்கும் இது நடந்தது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மண்டபத்துக்கு மூன்று வாரம் இரவு பகலாக உட்கார்ந்து வரைந்து கொடுத்தேன். அதன்பின் அந்த மண்டபத்தின் உரிமையாளர் போனையே எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து பஸ்ஸில் அந்த வழியே போனபோது மண்டபம் நின்றது. படிக்கட்டு நான் திருப்பிய இடத்தில்தான் திரும்பியது. மேஸ்திரியை வைத்தே கட்டி முடித்துவிட்டார். சமையல்கூடத்துக்கு நான் விட்டிருந்த காற்றோட்டத்தை அடைத்துவிட்டார்கள். பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

பணம் வாங்காமலோ கட்டணத்தைக் குறைத்தோ மற்ற ஆர்க்கிடெக்ட்களோடு போட்டியிட்டு டிசைன் செய்து தரக்கூடாது என்று ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் 1989 நடத்தை விதிகளே சொல்கின்றன. முறைப்படி நடத்தப்படும் டிசைன் போட்டிக்கு மட்டும்தான் விலக்கு. அந்த விதியை யாரும் மதிப்பதில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் வேறு தெளிவாகச் சொல்லிவிட்டது: 1972 ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் பாதுகாக்கிறது, அந்த வேலையை மற்றவர்கள் செய்வதைத் தடுக்கவில்லை. ஆக, நம் கையில் விற்பதற்கு இருப்பது நம் யோசனையும் நேரமும்தான். அதையும் சும்மா கொடுத்தால்?

இந்த இலவச பிளான்களை ஆபீஸில் யார் வரைகிறார்கள் என்றும் யோசியுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு இன்டர்ன் பெண்ணோ பையனோதான் வரைகிறார்கள். அந்த வேலைக்கு வருமானம் இல்லை, அதனால் அவர்களுக்கு மாதம் ஐயாயிரம், சில இடங்களில் அதுவும் இல்லை. திருச்சிக்காரரின் 18,000 இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மண்டபக்காரரைச் சந்தியுங்கள், சைட்டைப் பாருங்கள், நீங்கள் செய்த வேலைகளைக் காட்டுங்கள். அதுவரை இலவசம். கோடு போட வேண்டுமென்றால் அட்வான்ஸ், கட்டம் கட்டமாகப் பணம், எல்லாம் எழுத்தில். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு வேலை உண்டா? (வேலூர்)

உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. மத்திய பொதுப்பணித் துறை, மாநிலப் பொதுப்பணித் துறை, நகர் ஊரமைப்புத் துறை, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுநிலைப் பட்டம்) இருந்தால் வாய்ப்பு கூடும். கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சர் தாள் எழுதித் தேறினால் முதுநிலை படிக்கும்போது மாதம் 12,000 சொச்சம் உதவித்தொகை கிடைக்கும்.

யு.எக்ஸ். டிசைனுக்கு (ஆப், வெப்சைட்டைப் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் வேலை) போக ஆசை. கட்டிட போர்ட்ஃபோலியோ போதுமா? (சென்னை)

போதாது. நாற்பது வீட்டு பிளானை யாரும் புரட்ட மாட்டார்கள். ஒரே ஒரு மருத்துவமனை வேலையை எடுத்து, நோயாளி எங்கே தடுமாறினார், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று காட்டுங்கள். முறையாகப் படிக்க நினைத்தால் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். (டிசைன் முதுநிலைப் பட்டம்) சேரலாம்.

மகள் பி.ஆர்க் சேர வேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா? (தஞ்சாவூர்)

சேருங்கள் அம்மா, இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு. கல்லூரிக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் பின்னால் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது. இரண்டாவது, மே மாத வெயிலில் ஒரு வாரம் அவளை சைட்டில் நிற்க வையுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தயங்க வேண்டாம்.

அமெரிக்கா போய் லைசென்ஸ் வாங்க எவ்வளவு நாளாகும்? (சேலம்)

வருடக்கணக்கில் ஆகும். படிப்பை மதிப்பீடு செய்ய வேண்டும், சுமார் 3,700 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும், ஆறு பகுதித் தேர்வு எழுத வேண்டும். எங்கே போவதாக இருந்தாலும், இப்போதைய ஆபீஸை விட்டு வரும் நாளிலேயே என்ன வேலை, எத்தனை மாதம் என்ற அனுபவக் கடிதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.