வணிக மென்பொருள் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட் ஆவது: கேள்வி பதில்

பில்லிங், கணக்கு, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை உருவாக்கும் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்டாக, அதாவது மென்பொருளின் ஒட்டுமொத்த வடிவமைப்பைத் தீர்மானிப்பவராகப் பணியாற்றும் ஒருவர், மென்பொருள் துறையில் உள்ள மற்றவர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, நான் சில ஆண்டுகளாக ஜாவாவில் நிரல் எழுதி வருகிறேன்; சீனியர் டெவலப்பர் பொறுப்பில் இருக்கிறேன். ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு என்னிடம் இன்னும் என்ன வர வேண்டும்?

எந்த முடிவைப் பின்னால் எளிதில் மாற்றிக்கொள்ளலாம், எந்த முடிவை மாற்றினால் வாடிக்கையாளரின் பழைய கணக்கே குலைந்துவிடும் என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் வர வேண்டும். ஜிஎஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் விகிதங்கள் மாறின. ஏசிக்கு இருந்த 28 சதவீதம் 18 ஆனது. பொருள் அட்டவணையிலேயே வரி விகிதத்துக்கு ஒரு நெடுவரிசையை வைத்து, பில்லைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்து வரியைக் கணக்கிடும்படி அமைத்த மென்பொருளில் அந்த 28ஐ 18 என்று திருத்தினால், ஆகஸ்ட் மாதத்து பில்லை மறுபடி அச்சிடும்போது அதிலும் 18 சதவீதமே வரும். ஆகஸ்டில் விற்ற ஏசியை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பிக் கொடுத்தால், அதற்கான கிரெடிட் நோட் (விற்ற தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) பழைய 28 சதவீதத்தில்தான் போட வேண்டும். அந்த விகிதம் மென்பொருளில் எங்கும் இருக்காது. விகிதங்களை ‘இந்தத் தேதி முதல்’ என்ற குறிப்போடு தனி அட்டவணையில் வைத்து, பில் போடும் கணத்தில் பொருந்தும் விகிதத்தை அந்த பில்லில் அந்தப் பொருளுக்கான பதிவிலேயே எழுதி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது. முதல் வாரத்தில் அரைமணி நேரத்தில் எடுக்கும் முடிவுதான் இது. ஆனால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் தரவு சேர்ந்த பிறகு அதைத் திருத்துவதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பொறியியல் படித்தவள், கணக்குப் பதிவியல் தெரியாது. எந்த அளவுக்குக் கற்க வேண்டும்?

ஆடிட்டர் பேசுவதைப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி கேட்கும் அளவுக்குக் கற்க வேண்டும். பற்று, வரவு, இருப்பு மதிப்பீடு, ஆண்டு முடிவில் கணக்கை மூடுதல், பதிந்த பதிவை அழிக்காமல் அதை ரத்துசெய்யும் எதிர்ப்பதிவு போடுவது ஏன் என்பது ஆகியவை கட்டாயம். இந்தியாவில் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிய வேண்டும் என்பதும், அந்த வசதியை யாராலும் நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்பதும் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டவிதி. பதிவுகள் அழிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும் என்ற எண்ணத்தில் தரவுத்தளத்தை வடிவமைத்தவர்களுக்கு இது சிறிய வேலையாக இருந்தது. பழைய மதிப்பின் மேலேயே புதியதை எழுதி வந்தவர்களுக்கு அப்படி இல்லை. புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டிஆர்-3பி எனப்படும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி என்பதால், அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் ஒரு வாடிக்கையாளரின் கணக்கர் அருகில் அமர்ந்து, அவர் எதை எக்செல்லில் இறக்கித் தனியாகக் கூட்டிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நம் மென்பொருளை அவர் எந்த இடத்தில் நம்பவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) சான்றிதழ்கள் உதவுமா?

நேர்காணலுக்கு அழைப்பு வர உதவலாம். அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாகப் பிரிக்க வேண்டும் என்று குழுவில் வற்புறுத்துகிறார்கள். தாங்கள் என்ன சொல்வீர்கள்?

பில் சேமிப்பது, இருப்பைக் குறைப்பது, பேரேட்டில் பதிவது ஆகிய மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும், அல்லது மூன்றுமே நடக்கக் கூடாது. ஒரே தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையாக இதைப் பெறுவது எளிது. மூன்று சர்வீஸ்களாகப் பிரித்துவிட்டால், நடுவில் ஒன்று விழும்போது மற்றவற்றைத் திருப்புவதற்கான நிரலை நீங்களே எழுதி, காலமெல்லாம் காக்க வேண்டும். எனவே இந்த மூன்றையும் பிரிக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. மின்னஞ்சல் அனுப்புதல், பிடிஎஃப் உருவாக்குதல், பெரிய அறிக்கைகள் ஆகியவற்றைத் தாராளமாகப் பிரிக்கலாம். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆண்டு முழுமைக்குமான அறிக்கையைக் கேட்கும்போது சிறிய கடைக்காரரின் பில் தாமதமாகக் கூடாது அல்லவா? ஒரு நிறுவனத்தின் தகவல்தொடர்பு அமைப்பே அது உருவாக்கும் மென்பொருளின் வடிவிலும் வெளிப்படும் என்று கணினியியலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். குழு ஒன்றே என்றால், பிரித்த சர்வீஸ்கள் அனைத்தின் சுமையும் அந்தக் குழுவின் தலையிலேதான் விழும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட் என்ற பதவியே இல்லை, மேலே போக வேண்டுமானால் மேலாளராகத்தான் ஆக வேண்டும். நான் என்ன செய்யலாம்?

பதவி வரும்வரை வேலைக்காகக் காத்திருக்க வேண்டாம். முக்கியமான தொழில்நுட்ப முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த இம்முறையில் அன்றைய சூழல், எடுத்த முடிவு, அதனால் வரும் நன்மை தீமைகள் ஆகியவை இடம்பெறும். கைவிட்ட மாற்று வழிகளையும் சேர்த்து எழுதுவது நல்லது. நிரலைச் சேமித்து வைக்கும் அதே களஞ்சியத்தில் அதையும் வையுங்கள். உங்கள் குழுவின் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பக்கத்துக் குழுவினர், வடிவமைக்கும் முன்பே உங்களிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கினால், அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பதவியைப் பற்றிப் பேசுங்கள். அவர் மறுத்தால், வேறு நிறுவனத்தின் நேர்காணலிலும் அவை காட்டும் அனுபவத்தைப் பேசலாம். வாடிக்கையாளர் விவரமோ நிறுவன ரகசியமோ வெளியே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.