வளாக வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகிறான். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடுவேன் என்கிறான். நடக்குமா?

பதில்: ஃபீஸ் முழுவதும் கட்ட முடியாதும்மா, இதை நம்பிக் கடன் கணக்கைக் குறைத்துவிடாதீர்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வளாகத்தில் வேலை செய்யலாம். அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர். அந்தக் கணக்கில் வாரத்துக்கு 145 டாலர் வரும், பல மாநிலங்களில் இதைவிடக் கூட. மளிகைக்கும் போனுக்கும் தாராளமாகப் போதும்.

விளம்பரத்தில் 'வொர்க் ஸ்டடி' என்றிருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், அது அரசு உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும், எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. முதலில் கேட்க வேண்டிய இடம் டைனிங் ஹால். செமஸ்டர் தொடக்கத்தில் அங்கேதான் நிறைய ஆள் தேவைப்படும். எச்சில் தட்டுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், நின்று நின்று கால் கடுக்கும், ஆனால் ஷிஃப்டை வகுப்புக்கு ஏற்ப மாற்றித் தருவார்கள். நூலகம், ஐ.டி. உதவி மையத்துக்குப் போட்டி அதிகம், அதனால் ஒரே பயோடேட்டாவை எல்லா இடத்துக்கும் அனுப்பாமல் அந்தந்த வேலைக்கு ஏற்றபடி எழுதட்டும். வேலை உறுதியானதும் அந்தத் துறையின் கடிதத்தையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதத்தையும் காட்டி சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (சம்பளம், வரிக் கணக்குக்காக அந்த அரசு தரும் எண்) விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், வெளியே கடையில் கையில் ரொக்கமாகக் கூலி தரும் 'கேஷ்' வேலை இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகவே கூடாது. விசாவே போய்விடும்.