அக்காவைக் கேளுங்கள்: சீனக் கொய்யாவில் பிழைப்பு உண்டா?

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் மொரீஷியஸ், போவா ஷெரி. அம்மா தேயிலை பறித்துத்தான் எங்களை வளர்த்தார். ஏப்ரல் பிறந்தால் மேட்டுக்காட்டில் சீனக் கொய்யா சிவந்து கொட்டிக் கிடக்கிறது. உப்பும் மிளகாயும் தூவிச் சாலையோரம் விற்றால் பெட்ரோல் காசு தேறுகிறது, அவ்வளவுதான். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து ஜாம் போட்டு ஹோட்டல்களுக்கு விற்க நினைக்கிறோம். காட்டை நம்பாமல் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கன்று நடலாமா?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கன்றுகூட நடாதீர்கள். அது பிரேசிலிலிருந்து வந்த செடி. இங்கே குரங்கும் காட்டுப்பன்றியும் பறவையும் தின்று விதையைப் பரப்புகின்றன. பிளாக் ரிவர் மலைகளில் கருங்காலிக் கன்று தலைதூக்க வழியில்லாமல் வேலி கட்டியதுபோல் அடைத்து நிற்கிறது. 1994-ல் அந்த மலைக்காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கூலி கொடுத்துக் களை எடுக்கிறார்கள். வெட்டின அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அதைப் போய் நீங்கள் காசு கொடுத்து நடுவதா!

மற்ற காட்டுப் பழம் என்றால் அளவோடு பறி, மரத்துக்கும் மிச்சம் வை என்பேன். இதில் அந்தக் கவலையே வேண்டாம், முடிந்தவரை பறியுங்கள். விதை மட்டும் பரவக் கூடாது. பச்சையாக அரைத்த சக்கையை ஓடைக்கரையில் கொட்டினால் அங்கே புதிதாக ஒரு புதர்க்காடு கிளம்பும். பழத்தை நன்றாக வேகவைத்து, பிறகு சல்லடையில் தேயுங்கள். விதையும் செத்துவிடும், கூழும் சுலபமாக இறங்கும்.

யார் நிலம் என்று தெரியாமல் கால் வைக்காதீர்கள். மேட்டுக்காடு முழுக்க அரசாங்கத்துடையது இல்லை. மான் வேட்டைக்கு விட்ட தனியார் நிலம் நிறைய இருக்கிறது, குளிர்காலத்தில் அங்கே துப்பாக்கி வெடிக்கும். வனத்துறையோ உரிமையாளரோ, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அடுப்படிக்கு வருகிறேன், எனக்குப் பழக்கமான இடம். நிறம் ஏறி, இன்னும் கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். கோணிப்பையில் திணித்தால் அடியில் உள்ளது நசுங்கி, சாயங்காலமே கள் வாடை அடிக்கும். ஆழமில்லாத கூடைதான் சரி. கூடைக்குப் பத்துப் பழம் அறுத்துப் பாருங்கள். பழ ஈயின் வெள்ளைப் புழு நெளிந்தால் அந்தக் கூடை ஜாமுக்கு ஆகாது. தரையில் விழுந்ததைத் தொடவே வேண்டாம். பறித்த பழம் மறுநாளைக்குள் அடுப்பேற வேண்டும்.

ஜாமை இறுக வைப்பது பெக்டின். இந்தப் பழத்தில் அது தாராளம், கடையில் பெக்டின் பொடி வாங்கவே தேவையில்லை. ஜாம் பதத்துக்குப் புத்தகத்தில் 105 டிகிரி என்று போட்டிருக்கும். அது கடலோரக் கணக்கு. மேலே போகப் போக 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். நம் மேட்டு நகரமான க்யூர்பிப் உயரத்தில் 103 தாண்டினாலே பதம். 105 வரை காய்ச்சினால் மிட்டாய்தான் கிடைக்கும். சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 65 காட்டினால் இறக்கலாம். எல்லாப் பாட்டிலும் ஒரே பதமாக இருந்தால்தான் ஹோட்டல்காரர் மறுபடி கூப்பிடுவார்.

இந்தத் தொழிலின் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. பழம் வருவது குளிர்காலத்தில். சுற்றுலாக்காரர் கூட்டம் டிசம்பரில். ஆக, நீங்கள் அதுவரை காக்க வேண்டியது பழத்தையல்ல, ஜாமுக்கான கூழை. அதை எங்கே வைப்பீர்கள்? ஃபிரீசர் என்பீர்கள். புயல் மாதங்களும் அதே நேரம்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே! கரண்ட் போய்விட்டால் ஃபிரீசரில் இருப்பது உருகிப் புளிக்கும். பாதியை மட்டும் உறைய வையுங்கள். மீதியைக் கொதிக்கக் கொதிக்க, 85 டிகிரிக்குக் குறையாமல், சுத்தமான பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். புளிப்புப் பழம் என்பதால் வெளியிலேயே தாங்கும். பாட்டிலில் தேதியும், எத்தனையாவது தடவை காய்ச்சியது என்ற எண்ணும் எழுதாமல் விடாதீர்கள்.

வருஷத்தில் நாலு மாதம் எரியும் அடுப்பு நாலு குடும்பத்தைத் தாங்காது. அதே பாத்திரத்தில் பிலிம்பி என்ற புளிப்புக்காய் அச்சார் (ஊறுகாய்), மாங்காய் அச்சார், அன்னாசி ஜாம் போடுங்கள். கொய்யா ஒன்றையே நம்பினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: களை அழிய வேண்டாம் என்று நினைக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஹவாயில் அதை அடக்கப் பூச்சியையே விட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஒருநாள் அப்படி ஏதாவது செய்தால் உங்கள் அடுப்பு அணையக் கூடாது. கடன் வாங்கும்போதும் கொய்யா வருமானத்தை மட்டும் காட்டி வாங்காதீர்கள்.

கேள்வி: பக்கத்துத் தீவான ரெயூனியனில் சீனக் கொய்யாவைத் தோட்டமாகவே வளர்க்கிறார்கள், திருவிழாகூட நடத்துகிறார்கள் என்று அங்கிருக்கும் சொந்தக்காரர் சொல்கிறார். நமக்கு மட்டும் ஏன் தடை?
– வாசகர், ரோஸ் பெல்

பதில்: உண்மைதான். அங்கே ப்ளேன் தே பால்மிஸ்த் என்ற ஊரில் அந்தத் திருவிழா உண்டு. அதனால் அங்கே அது களை இல்லை என்று ஆகிவிடாது, அவர்கள் காட்டையும் அடைத்துத்தான் நிற்கிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. வெட்டின கட்டையை வீணாக்காமல் இறைச்சிக்குப் புகை போடுவார்கள், புக்கானே என்பது அந்தப் புகையிட்ட இறைச்சிதான். இங்கேயும் வெட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கி, காயவைத்து, கட்டாகக் கட்டி விற்கலாம். வண்டியில் ஏற்றும்போது கிளையில் பழம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் விதை விழும்.