காற்றைப் பொறுத்து விடுமுறை

கேள்வி: கனடாவில் ஏதோ ஒரு ஊரில் படகுப் போட்டிக்காக ஊருக்கே லீவு விடுவார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரம். ஆகஸ்ட் முதல் புதன்கிழமை, கிடி விடி ஏரியில் போட்டி. ஆனால் அன்று காலை காற்று பலமாக இருந்தால் போட்டி அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளிப்போகும், கூடவே லீவும் தள்ளிப்போகும், அதனால் முதல் நாள் ராத்திரி யாருக்கும் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியாது! இருநூறு வருடப் பழக்கம், வட அமெரிக்காவிலேயே மிகப் பழைய வருடாந்திர விளையாட்டு விழா என்கிறார்கள்.

படகுக்கு ஆறு பேர், சுக்கான் பிடிக்க ஒருவர். நவீனப் பந்தயப் படகுகளில் இருக்கை முன்னும் பின்னும் நகரும், கால் பலம் துடுப்புக்குப் போகும். இங்கே இருக்கை அசையாது, முதுகும் தோளும்தான் இழுக்க வேண்டும். அப்புறம் ஏரியின் மறுகோடியில் மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும், பல போட்டிகள் அந்தத் திருப்பத்திலேயே முடிவாகிவிடும். 1901-இல் அவுட்டர் கோவ் என்ற மீனவ ஊர்க்காரர்கள் 9 நிமிடம் 13.8 விநாடியில் முடித்தார்கள். அதை 1981 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. கடலில் தினமும் துடுப்புப் போட்டவர்களின் கைகள் அவை, எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கரை முழுக்கக் கடைகளும் தின்பண்டங்களும் கூட்டமுமாக இருக்கும். போக வாய்த்தால் தேதியை நம்பி ஒரே நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி போங்கள்.